பலகைக் கோட்டில் நடந்தவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை அதைத் தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுப் பெயராக, ஒரு கந்தோர்ப் பாரத்தில், அலுவலகப் படிவத்தில், எழுதினேன். என் கையால் அந்தப் பெயருக்கு நடந்தது போதும்.

ஜெட்டியில் எல்லோரும் அவரைச் சுக்கானி நானா என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்ணியாக்காரர், முஸ்லிம்; அங்கே நானா என்றால் அண்ணன். திருகோணமலை நகரப் பக்கத்து ஜெட்டியிலிருந்து சீனன்குடாப் பக்கம் வேலையாட்களை ஏற்றிப் போகிற லோஞ்சில் சுக்கான் பிடிப்பது அவருடைய வேலை. அந்த லோஞ்சுக்கு நான் கிளாக்கர். ஜெட்டியின் தலைப்பில் இருந்த தகரக்கூரைக் கந்தோரில் இருந்துகொண்டு யார் ஏறினது, யார் இறங்கினது, லோஞ்சு எத்தனை மணிக்கு விட்டது என்று எழுதுவேன். எங்களுக்குள் இருபது வயதாவது வித்தியாசம் இருக்கும். என்னைக் ‘கிளாக்கர் தம்பி’ என்பார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு தேத்தண்ணிக் கிளாஸ். காலையில் ஜெட்டி வாசல் கடையில் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பிய பிளேன்ரீயை வாங்குவார். அதைப் பிடித்துக்கொண்டு ஜெட்டியின் நீளம் முழுக்க நடந்து, லோஞ்சுக்குப் போட்ட ஒற்றைப் பலகையில் ஏறி, சுக்கானடிக்குப் போவார். பலகை அவருடைய காலுக்குக் கீழே ஏறி இறங்கும். கிளாசில் இருந்தது சிந்தினதை நான் கண்டதில்லை. கப்பல்துறைக் கிராமத்திலிருந்து வருகிற கொத்துவேலை மேசன் ஒருவர், நானாவுக்கு வயிற்றுக்குள்ளே நீர்மட்டம் வைத்துத் தைத்திருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார். கிளாசை மேலே கொண்டுபோய் வைத்த பிறகுதான் நானா திரும்பிப் பார்த்து, எல்லோரும் கேட்கத்தக்கதாகச் சொல்வார்:

“தண்ணி ஆடும். நாம ஆடப்படாது.”

அதை அவர் ஒரு நாளைக்கு நாலைந்து தரமாவது சொல்லியிருப்பார். பெரிய கப்பல் ஒன்று கடந்துபோய் அதன் அலையில் லோஞ்சு குலுங்கிக்கொண்டிருக்கும்போது, சின்னக் கண்ணாடியைக் கம்பியில் செருகிவிட்டுச் சவரக்கத்தியால் தாடியின் ஓரத்தைச் சீராக்குவார். பார்க்கிற எனக்கு உடம்பு கூசும். லோஞ்சை ஜெட்டியில் அணைக்கும்போது பக்கத்தில் கட்டியிருக்கிற பழைய டயர் மரத்தூணில் தொடும், நசியாது. ஏறப் பயப்படுகிற பெண்களுக்கு அவர் கை கொடுப்பதில்லை. காலைப் பார்க்கவேண்டாம், அங்கே தெரிகிற எண்ணெய் டாங்கியைப் பார்த்துக்கொண்டு நடவுங்கள் என்பார். அவர்களும் டாங்கியைப் பார்த்தபடி ஏறிவிடுவார்கள். எனக்குத்தான் அதுவும் பலிக்கவில்லை. துறைமுகப்பட்டினத்தில் பிறந்தும் லோஞ்சில் ஏறினால் எனக்குக் குமட்டிச் சத்தி வரும். கிளாக்கர் தம்பிக்கு ஜெட்டியே ஆடுது, அவரைக் கதிரையோட சேத்துக் கட்டுங்கடா என்று நானா பகிடி பண்ணுவார்.

இதெல்லாம் எனக்குச் சென்ற மாசி மாதம் வரைக்கும் மறந்துதான் இருந்தது. மறந்து என்பது பொய். நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

மாசியில் என் மகளுக்கு அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய் வந்தது. ஒன்பது வயது, ஒரே பிள்ளை. கொப்புளம் முகத்தில் குறைவு, முதுகில்தான் கூட. எங்கள் வழக்கப்படி வாசலில் வேப்பிலை செருகி, வெளியாட்களை வரவிடாமல், இளநீரும் மோரும் கொடுத்துப் பார்த்தோம். காய்ச்சல் விட்டது. பொருக்கு உதிர்ந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வார்த்தோம். மூன்றாம் தண்ணீர் வார்த்த மறுநாள் பிள்ளை கட்டிலை விட்டு எழுந்து நின்றது. நின்ற பிள்ளை ஆடியது.

காலை அகட்டி வைத்து, இடுப்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாக, காற்றில் நிற்கிற வாழைக்கன்று மாதிரி ஆடியது. பேச்சும் இழுபட்டது. மனைவி பயந்து தன் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா வந்து பார்த்த உடனே கையைக் கூப்பிவிட்டாள். அம்மாள் இன்னும் இறங்கவில்லை, பிள்ளையில் நின்று ஆடுகிறாள் என்றாள். மனைவி கற்பூரம் கொளுத்தினாள். பக்கத்து வீட்டு ஆட்கள் வேலிக் கடப்பால் வந்து வரிசையாக நின்றார்கள். ஒருத்தி, தன் மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று என் பிள்ளையிடம் வாக்குக் கேட்டாள். பிள்ளை இழுத்து இழுத்துத் ‘தண்ணி’ என்றது. அம்மாள் மழை தரப்போகிறாள் என்று யாரோ பின்னால் சொன்னார்கள். பிள்ளைக்குத் தாகம்.

நான் படித்தவன். எழுத வாசிக்கத் தெரிந்த ஆள் என்று ஊரில் பெயர். ஆனால் என் பிள்ளை ஆடுவதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது. வருத்தம் என்றால் அதற்கு முடிவு எப்படியும் இருக்கலாம். அம்மாள் என்றால் எப்போதாவது இறங்குவாள். ஆகவே நானும் என் பிள்ளையைப் பார்த்துக் கும்பிட்டேன். இரண்டு நாள் அப்படிக் கும்பிட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை தண்ணீர்க் கோப்பையை எடுக்கக் கையை நீட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கை கோப்பைக்கு நேராகப் போகவில்லை. கிட்டப் போகப்போக நடுங்கி, கோப்பையைத் தாண்டி அங்கால் போய், வெறும் மேசையைத் தொட்டது. பிள்ளை திரும்ப முயன்றது. திரும்பவும் தாண்டிப் போனது.

அந்தக் கையை நான் முன்பு பார்த்திருக்கிறேன். நானாவின் கை. சுக்கானுக்கு மேலே தொங்கும் மணிக்கயிற்றை அவர் எட்டிப் பிடிக்கப்போக, கயிற்றைத் தாண்டிக் காற்றைப் பிடித்த கை.

நான் கற்பூரத் தட்டை எடுத்து ஒதுக்கிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மனைவியின் அக்கா, அம்மாளை இப்படி வீட்டை விட்டுத் தூக்கிக்கொண்டு போகிறாயே என்று பின்னால் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளிடமும் பிழை இல்லை. எனக்கு அந்தக் கையைத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

டாக்குத்தர் இளம் ஆள், யாழ்ப்பாணத்துப் பேச்சு. பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். என் விரலைத் தொடு, பிறகு உன் மூக்கைத் தொடு என்றார். பிள்ளையின் விரல் மூக்கைத் தப்பிக் கன்னத்தில் குத்தியது. பிறகு சீமெந்துத் தரையில் இருந்த கோட்டைக் காட்டி, ஒரு காலின் விரலோடு மற்றக் காலின் குதியை ஒட்டவைத்து அதில் நட என்றார். பிள்ளை இரண்டடி வைத்துச் சரிந்தது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். வேறொருவரை இப்படிக் கோட்டில் நடக்கச் சொன்னதை நான் ஏற்கெனவே ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பிள்ளையின் படிப்புப் போகுமா, பேச்சு வருமா, கண் தெரியுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்குத்தர் பொறுமையாக, தன் இரண்டு கையையும் பொத்தி ஒட்டிவைத்து, இதுதான் மூளை என்று வையுங்கள் என்றார். முன்பக்கத்தைக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற இந்த இடத்தால்தான் யோசிக்கிறோம், இதைச் செய்யலாமா கூடாதா என்று தீர்க்கிறோம்; அது உங்கள் பிள்ளைக்குப் பழுதில்லை. காதுக்கு மேலே, உள்பக்கமாக, நினைவைச் சேர்த்துவைக்கிற இடம், அதுவும் பழுதில்லை. உச்சியில் குறுக்காகப் போகிற ஒரு வரம்பிலிருந்துதான் கைக்கும் காலுக்கும் கட்டளை போகிறது. பார்வை எங்கே இருக்கிறது தெரியுமா, கண்ணில் இல்லை, பின்தலையில் என்றார். பொத்திய கைகளுக்குக் கீழே, மணிக்கட்டின் பின்பக்கம், ஒரு தேசிக்காய், எலுமிச்சங்காய் அளவுக்கு இடம் காட்டினார்.

“இதுதான் சிறுமூளை. கையை நீட்டு எண்டு சொல்லுறது மேல இருக்கிற பெரிய மூளை. எவ்வளவு தூரம் நீட்டவேணும், எங்க நிப்பாட்டவேணும் எண்டு பாத்துத் திருத்துறது இது. இது வீங்கினா ஆள் தடுமாறும், கை தாண்டிப் போகும், கதை இழுபடும். அம்மாள் வருத்தத்துக்குப் பிறகு சில பிள்ளையளுக்கு இப்பிடி வாறது. அநேகமாத் தானாச் சரிவரும். பயப்படாதேங்கோ.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவோ என்னவோ, பெரியவர்களுக்கும் இப்படி வருமா என்று கேட்டேன்.

வரும், ஆனால் அது வேறு கதை என்றார். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் கட்டி ஒன்று வளர்ந்தாலும் இதே தடுமாற்றம்தான். அதோடு காலையில் எழும்பினால் சத்தி, பின்தலையில் பாரம், போகப்போக எல்லாம் இரண்டாகத் தெரியும். பக்கத்திலேயே மூச்சையும் நெஞ்சடிப்பையும் நடத்துகிற தண்டு இருக்கிறது. கட்டி அதை அமத்தினால் ஆள் முடிந்தது. நான் அசையாமல் இருந்ததைப் பார்த்து, கதையை லேசாக்க நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

“சாராயம் கூடிப்போனாலும் முதல்ல ஆட்டுறது இந்த இடத்தைத்தான். பொலிசில கோட்டில நடக்க விட்டுப் பாக்கிறது ஏன் எண்டு நினைக்கிறியள்? அவையும் சிறுமூளையைத்தான் சோதிக்கினம். தெரியாமச் செய்யினம்.”

ஜெட்டியில் மற்றவர்களும் தெரியாமல்தான் செய்தார்கள். ஆனால் நான் தெரியாமல் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நானாவின் தேத்தண்ணி முதலில் சிந்தியது ஒரு திங்கட்கிழமை. பலகையின் நடுவில் நின்று கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலையாட்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த கிழமை அரைக் கிளாஸ்தான் வாங்கினார். அதற்கு அடுத்த கிழமை கடையிலேயே நின்று குடித்துவிட்டு வந்தார். தாடி ஓரத்தில் வெட்டுக்காயம் வரத் தொடங்கியது. ஒரு நாள் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பிறகு சவரமே இல்லை. காலையில் லோஞ்சின் பின்பக்கம் போய்க் குனிந்து சத்தி எடுப்பதை நான் கந்தோர் யன்னலால் கண்டேன். நடையில் கால் அகண்டது. பேச்சு தடித்தது. மேசன்தான் முதலில் சொன்னார், நானா எங்கேயோ தண்ணி போடுகிறார் போல இருக்கு என்று. நானா ஐந்து நேரமும் தொழுகிற ஆள். ஜெட்டி மூலையில் பாய் விரித்துத் தொழுவார். அது மற்றவர்களின் கதைக்கு ருசியைக் கூட்டியது. ஒருவர், தொழும்போது குனிந்த நானா நிமிரக் கஷ்டப்பட்டார் என்று நடித்துக் காட்டினார். நானும் சிரித்தேன்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அவர் என் கந்தோருக்குள் வந்தார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரையோ கொண்டு எழுதுவித்த ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார். பின்தலையைக் கையால் தொட்டுக் காட்டி, இதுக்குள்ள ஒரு மணல்மூட்டை கிடக்கு தம்பி என்றார்.

“ஜெட்டி ரெண்டாத் தெரியுது. எது மெய்யான ஜெட்டி எண்டு வெளங்காமத்தான் கொண்டுவந்து அணைக்கிறன். ஒரு மாசம் என்னைக் கரையில போடச் சொல்லுங்க. கொழும்புக்குப் போய்க் காட்டிட்டு வாறன்.”

கடிதமும் அதையேதான் சொன்னது. அதைப் பெரியவரிடம், எங்கள் அத்தியட்சகரிடம், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கவேண்டும். கப்பல்கள் அடுத்தடுத்து வந்த மாதம் அது. வேறு சுக்கானி இல்லை. இந்த நேரத்தில் லீவுக் கடிதத்தோடு போனால் பெரியவர் என்னைத்தான் ஏசுவார். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கப்பல்கள் போகட்டும் என்று கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்தேன். பார்க்கிறேன் நானா என்றேன். அவர் என்னை நம்பிக்கொண்டு போனார். பதினைந்து நாள் ஜெட்டி இரண்டாகத் தெரிகிற கண்ணோடு நூற்றுக்கணக்கான ஆட்களை ஏற்றி இறக்கினார். ஒவ்வொரு நாளும் என்னைக் கண்டால் புருவத்தை உயர்த்துவார். நான் தலையை அசைப்பேன்.

பதினாறாம் நாள் வேலை விட்டு ஆட்கள் திரும்பி வருகிற நேரம், லோஞ்சு வேகம் குறையாமல் வந்தது. இஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கீழே இருக்கிற இஞ்சின்காரருக்கு மணி அடிக்கவேண்டும். அவருடைய கை கயிற்றை எட்டுவதை நான் ஜெட்டியில் நின்று கண்டேன். தாண்டிப் போனது. திரும்ப எட்டினார். லோஞ்சு தூணில் மோதியது. முன்னால் நின்ற ஒரு வயதான வேலையாள் விழுந்து தோள் முறிந்தது. அவர் பிழைத்தது தெய்வச்செயல்.

பெரியவர் வந்தார். நானா இறங்கி வருகிற நடையைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணால் கண்டதை நம்புகிறவர், அவ்வளவுதான். ஜெட்டியில் இரண்டு பலகை சேருகிற நீட்டுக் கோட்டைக் காட்டி, அதில் நடக்கச் சொன்னார். ஐம்பது அறுபது பேர் சுற்றி நின்றார்கள். அந்தக் கோட்டின்மேல்தான் நானா எத்தனையோ வருடம் தேத்தண்ணிக் கிளாசோடு போயிருக்கிறார். முதலாம் அடியை வைத்தார். கால் கோட்டுக்கு வெளியே போனது. இரண்டு கையையும் விரித்தார். மூன்றாம் அடியில் மேசன்தான் பிடிக்கவேண்டி வந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

நானா பெரியவரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் தேடி என்னைப் பார்த்தார்.

“தம்பிக்குத் தெரியும்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தெரியும், நான் சொல்லுவேன் என்று அவர் நினைத்தார். என் கையில் விபத்துப் பாரமும் பேனையும் இருந்தன. நான் பாரத்தைக் குனிந்து பார்த்தேன்.

வருத்தம் என்று சொன்னால், அது தெரிந்திருந்தும் ஏன் அவரை லோஞ்சில் விட்டாய் என்ற கேள்வி வரும். கடிதம் எங்கே என்ற கேள்வி வரும். குடி என்றால் ஒரு கேள்வியும் வராது. கந்தோருக்குள் வந்து பெரியவர் என்னிடம் கேட்டது இதுதான்: வாயில் மணம் இருந்ததா? நான் நானாவுக்குப் பக்கத்திலேயே போகவில்லை. அதற்கு முதல்நாள் பக்கத்தில் நின்றபோது அவரிடம் மணந்தது கராம்பு. தலைப்பாரத்துக்கு அதை மென்றுகொண்டிருந்தார். ‘ஓம்’ என்றேன். அப்படியானால் எழுதும் என்றார். ‘வாயில் மதுவாடை வீசியது’ என்று எழுதி, என் கையொப்பத்தை வைத்தேன். நானாவின் கடிதத்தை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய்க் குசினி அடுப்பில் போட்டேன். மனைவி என்ன கடதாசி என்று கேட்டாள். தேவையில்லாதது என்றேன்.

டாக்குத்தர் கையைப் பொத்திக் காட்டியபோது, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற இடத்தைச் சொன்னாரே, செய்யலாமா கூடாதா என்று தீர்க்கிற இடம். அன்றைக்கு அது எனக்குப் பழுதில்லாமல்தான் இருந்தது.

நானாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். காரணம் கிண்ணியாவுக்கு அவருக்கு முன்னமே போய்ச் சேர்ந்தது. பள்ளிவாசலில் அவர் பக்கத்தில் நிற்க ஆட்கள் கூசினார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடத்தில் செத்துப்போனார் என்று மேசன் வந்து சொன்னார். குடி குடலைத் தின்றுவிட்டது என்றும் சொன்னார். அன்றைக்கு என் மகள் முற்றத்தில் தத்தித் தத்தி ஓடிக்கொண்டிருந்தாள். நான் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். செத்த வீட்டுக்குப் போகவில்லை.

மகளுக்கு இப்போது சுகம். ஆறு கிழமையில் ஆட்டம் நின்றது, இரண்டு மாதத்தில் ஓடத் தொடங்கிவிட்டாள். நான்தான் இன்னும் தேறவில்லை. காலையில் எழும்பினவுடன் என் விரலைத் தொடு, மூக்கைத் தொடு என்று அவளை நிறுத்திவைக்கிறேன். அவள் சலித்துப்போய், வேண்டுமென்றே என் மூக்கைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுகிறாள். இந்தப் பிள்ளைக்காகத்தான் அப்பாவுக்கு வேலை இருக்கவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி முறை காட்டப் போனபோது, நானாவைப் பற்றி, பெயர் சொல்லாமல், டாக்குத்தரிடம் முழுவதும் சொன்னேன். ஆளைப் பார்க்காமல் சொல்ல ஏலாது, ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரிப் பார்த்தால் கட்டிதான் என்றார். நேரத்தோடு கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தால்? தலையைத் திறந்து எடுக்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள் என்றார். சிலவேளை தப்பியிருப்பார், சிலவேளை இல்லை.

பிறகுதான் கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே பாதை என்று சொல்கிற தெப்பத்தில், பஸ்ஸோடும் ஆட்களோடும் சேர்ந்து கடந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். நானாவின் பெண்சாதி முதலில் கதவுச்சீலைக்குப் பின்னால் நின்றுதான் கதைத்தார். ராத்தா, நான் ஜெட்டியில் இருந்த கிளாக்கர் என்றேன். சீலை அசையவில்லை. பிறகு வெளியே வந்து கதிரையைக் காட்டினார். தலை நரைத்த, மெலிந்த பெண்.

என் பிள்ளையின் வருத்தத்திலிருந்து தொடங்கினேன். பின்தலையில் இருக்கிற சிறுமூளையைச் சொன்னேன். அது கெட்டால் குடித்த ஆள் மாதிரியே தோன்றும் என்று சொன்னேன். நானா குடிக்கவில்லை, அவருக்குக் கட்டி இருந்தது என்றேன்.

“வாட வந்தது எண்டு எழுதினது நீங்களா?” என்று கடைசியில் கேட்டார்.

“ஓம். வாடை வரவில்லை. பொய்யாகத்தான் எழுதினேன்.”

அவர் என்னை ஏசுவார் என்று இருந்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கதைத்தார். வேலை பறிபோன பிறகு ஒவ்வொரு நாளும் தன் மனிதர் வெளியே போய்த் திரும்பினால், இவர் வாசலில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வாராம். நானா சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுவாராம். இரண்டு வருடம்.

“ஒரு நாளும் மணக்கல்ல தம்பி. கராம்பு மணந்தது. மறைக்கிறதுக்குத்தான் கராம்பு திங்கிறாரு எண்டு நெனச்சன். கந்தோர்ல எழுதினத்த நம்பினன். என்ட மூக்க நம்பல்ல. சத்தி எடுக்கக்குள்ள கூடக் கிட்டப் போகல்ல. மௌத்தாகி உசிரு போன அண்டைக்கும் அந்தப் பக்கம் திரும்பித்தான் படுத்திருந்தன்.”

நான் இந்த வீட்டுக்கு என் பாரத்தை இறக்கிவைக்க வந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. யார் தலையில் இறக்குகிறேன் என்று யோசிக்காமல் வந்திருக்கிறேன். கடிதத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அடுத்தது அதைத்தான் சொல்ல இருந்தேன். வாயைத் திறக்கப்போனேன்.

அவர் முந்திக்கொண்டார்.

“டாக்குத்தர்ட்ட கேட்டிருப்பீங்க. நேரத்தோட காட்டியிருந்தா சொகமாகியிருக்குமா?”

என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை. தீர்ப்புக்குக் காத்திருக்கிற ஆளின் முகம்.

“இல்லை ராத்தா. அந்த வருத்தத்துக்கு மருந்து இல்லை.”

அவர் கண்ணை மூடி அல்லாஹ்வைச் சொன்னார். தோள் இரண்டும் தளர்ந்தன. முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தார். ஒரு கிழமையாகத் தூங்காத ஆள் தூங்கப் போகிற மாதிரி இருந்தது. பிறகு என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்:

“அப்ப நாம ஒண்டும் செஞ்சிருக்க ஏலாது தம்பி.”

“ஏலாதுதான்” என்றேன்.